தரங்கம்பாடியில் வெந்த பிடி அரிசி

கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தடதடவென்று, மூச்சு விடாமல், பலகையில் எதையோ தட்டுகிற சத்தம். எங்கள் வீட்டில் அப்படியொன்றை நான் கேட்டதில்லை. ஈரக் கையோடு உள்ளே ஓடினேன்.

இவர் சப்பாத்திப் பலகையைக் குப்புறக் கவிழ்த்து, மாம்பழம் நறுக்குகிற கத்தியால் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். அரிவாள்மணை சுவரோரம் அப்படியே சாய்ந்திருந்தது. கத்தி ஓடுகிற இடத்தை அவர் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு வெட்டினார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கூடையில் இருந்த வெங்காயம் முழுவதும் பலகையைச் சுற்றிக் குவிந்து கிடந்தது. அப்போது வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“சும்மா உக்காந்திருக்கப் போரடிச்சுது.”

“அதுக்கு? ஒரு வாரத்து வெங்காயத்தையும் வெட்டிட்டீங்களே!”

“அளவு தெரியாமப் போச்சு எஸ்தரு.”

அன்றைக்கு மதியம் வெங்காய சாம்பார், வெங்காயப் பச்சடி. சாயங்காலம் பஜ்ஜி. மறுநாள் காலை வெங்காய ஊத்தப்பம். “என்னம்மா, மாயவரம் மார்க்கெட்டையே வாங்கிட்டீங்களா?” என்று மாமனார் கேட்டார். இவர் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் எங்கே?

இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் வாழைப்பூ ஆய்வது, ஒயர் கூடை பின்னுவது, பழைய சேலையில் தலையணை உறை தைப்பது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அரியலூரிலிருந்து ஒரு வாசகி, “எல்லாம் சரி அக்கா, உங்கள் வீட்டுக்காரர் எங்கே? அவர் ஒரு வரியில்கூட வரவில்லையே” என்று கேட்டிருக்கிறார். கெட்டிக்காரி. இந்த வாரம் வீட்டுக்காரர் வருகிறார்.

பெயரை எழுத எனக்குக் கை வராது. எங்கள் பக்கம் அப்படி. மற்றவர்கள் கூப்பிடும்போது நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாணமான வருஷமே விமானம் ஏறியவர் இவர். குத்தாலத்துப் பக்கம் அப்போது வீட்டுக்கு ஒரு பையன் வெளிநாட்டில் இருந்தான். சிங்கப்பூர், குவைத், துபாய், மஸ்கட். நடவுக்கு ஆள் கிடைக்காமல் மிராசுகள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். அறுவடை மிஷின் முதன்முதலாக எங்கள் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி வந்தபோது ஊரே போய் வேடிக்கை பார்த்தது. மாமனார் குத்தகை நிலம் பார்த்தவர். மகன் சேற்றில் கால் வைக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்று இவரை அனுப்பினார்.

“என் மவன் அங்க ஸ்டோர் சூப்பர்வைசரு. ஏசி ரூமு. வெயில் படாத வேலை.” கோயில் வாசலில், சலூனில், உரக்கடையில், எங்கே நின்றாலும் மாமனார் இதைச் சொல்லாமல் நகரமாட்டார். எனக்கும் அதுதான் சொல்லப்பட்டிருந்தது. நானும் அதைத்தான் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷம் கழித்து இரண்டு மாத லீவில் வந்தார். வெங்காயம் வெட்டியது அந்த லீவில்தான். கணக்குப் பார்த்தால் நாங்கள் சேர்ந்து இருந்ததைவிடப் பிரிந்து இருந்த காலம்தான் அதிகம். அவருக்குத் தலைவலி வந்தால் காபி பிடிக்குமா, சுக்குத் தண்ணீர் பிடிக்குமா என்றுகூட எனக்குத் தெரியாது.

பூத்தில் கேட்ட குழம்பு

அந்த நாளில் தெருவுக்குத் தெரு மஞ்சள் போர்டு மாட்டிய டெலிபோன் பூத் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருமுனை பூத்துக்கு இவரிடமிருந்து போன் வரும். நான் முன்னாடியே போய் உட்கார்ந்து, கையோடு கொண்டுபோன ஒயரைப் பின்னிக்கொண்டிருப்பேன். பச்சையும் வெள்ளையுமாக ஒரு கூடை முழுக்க அந்த பூத்து பெஞ்சியிலேயே பின்னி முடித்திருக்கிறேன்.

போனில் என்ன பேசுவார்? “நல்லாருக்கியா, அப்பா நல்லாருக்காரா” முடிந்ததும் சமையல்தான். “வத்தக்குழம்பு நீ எப்படி வெப்பே?” “ரசப்பொடிக்கு மிளகு எவ்வளவு?” “கத்திரிக்காயை வதக்கிட்டுப் போடுவியா, அப்படியே போடுவியா?”

எனக்குப் பெருமை தாங்காது. பாவம், ரூமில் ஒரு சின்ன ஸ்டவ்வை வைத்துக்கொண்டு தனியாக என் கைச் சமையலை நினைத்து ஏங்குகிறார் என்று நினைத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுவேன். எலுமிச்சம்பழ அளவு புளி என்று சொன்னதும், “ஒரு அண்டாவுக்கு எவ்வளவு?” என்று ஒருதரம் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று சிரித்தேன்.

வெங்காயம் வெட்டிய அன்றைக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முழங்கைக்குக் கீழே இரண்டு கையிலும் சுட்ட தழும்புகள் இருந்தன. கேட்டதற்கு “வெல்டிங் பொறி” என்றார். ஸ்டோர் சூப்பர்வைசர் மேல் வெல்டிங் பொறி எதற்குப் பறக்கிறது? தோளில் துண்டு போடும்போது கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் போடுகிற மாதிரி ஒரு முனையை இடுப்பில் செருகிக்கொள்வார். குழம்பு கொதிக்கும் வாசனை வந்தால் பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டு மூக்கை உயர்த்துவார்.

இவர் அங்கே சமையல்காரர். தனக்கு மட்டும் சமைக்கிறவர் இல்லை, ஒரு பெரிய கூட்டத்துக்கு. இது எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

அவர் சமைப்பதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. எரிச்சல் வந்தது வேறு விஷயத்துக்கு. அந்த வெள்ளிக்கிழமைகள் என்னோடு பேசவா, குழம்புக்கு வழி கேட்கவா? யாரோ ஊர்பேர் தெரியாத ஆட்கள் என் வத்தக்குழம்பைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள், நான் பூத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் என்ன குறைந்தா போயிருக்கும்?

நான் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அது சொன்னதாக ஆகாது. லீவு முடிவதற்குள் அவராகவே என்னிடம் சொல்ல வேண்டும். கட்டிய பெண்டாட்டியிடம் தன் வேலை என்னவென்று சொல்லாமல் ஒரு மனுஷன் மறுபடி விமானம் ஏறிவிட்டால், அப்புறம் நான் யார்? தினமும் சோறு போடும்போது அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் தட்டைப் பார்ப்பார்.

கைப்பிடி

இந்த இடத்தில் பிடி அரிசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டுவிடுவோம். மாதக் கடைசி ஞாயிறு அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஒரே டிரம்மில் கொட்டுவோம். அதை ஏலம் விடுவார்கள், இல்லையென்றால் முடியாதவர்கள் வீட்டுக்குக் கொடுப்பார்கள்.

அந்த வருஷம் பெண்கள் சங்கத்துச் செயலாளர் ஞானம் டீச்சருக்கு ஒரு யோசனை வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். காசு செலவில்லாமல் ஊரைக் கூட்டிக்கொண்டு போவதில் அவருக்கு இணை கிடையாது. காரைக்கால், பூம்புகார், பூண்டி மாதா கோயில் என்று எல்லாம் அவர் தயவில் பார்த்ததுதான். பள்ளிக்கூட வேனைக் கெஞ்சிக் கேட்டு வாங்குவார். குடிக்கத் தண்ணீர் குடத்தில் வரும். போகிற இடத்தில் யாரும் சுண்டலைத் தவிர வேறெதுவும் வாங்கக் கூடாது. சுண்டலும் இரண்டு பேருக்கு ஒரு பொட்டலம்.

“ஆராதனை முடிஞ்சதும் தரங்கம்பாடி போறோம். காய் ஆளுக்கு ஒண்ணு கொண்டாந்துருங்க. அரிசிக்குக் கவலை இல்ல, பிடி அரிசி டிரம் நெறைய கெடக்கு. அங்கயே பொங்கித் தின்னுட்டுக் கடல் பாத்துட்டு வர்றோம்.”

எல்லாரும் “ஆமா டீச்சர்” என்றோம்.

நெல் விளைகிற ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அந்த டிரம்மில் என்ன இருக்கிறதென்று. ஒரு வீட்டில் பழைய பொன்னி. ஒரு வீட்டில் தை அறுப்பில் வந்த புது அரிசி. ஒரு வீட்டில் குண்டரிசி, ஒரு வீட்டில் பச்சரிசி, ஒரு வீட்டில் ரேஷன். புது அரிசி கொதி வந்ததும் குழைந்துவிடும். பழைய குண்டரிசி அசையாது. இதை ஒன்றாக ஒரே உலையில் போட்டால் சோறு என்று ஒன்று வராது. ஊறவைத்தாவது போட வேண்டும், இல்லையென்றால் வேறு அரிசி வாங்க வேண்டும்.

அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. ஏன்? “கலப்பு அரிசி வேகாது டீச்சர்” என்று ஒருத்தி சொன்னால் அடுத்த கேள்வி, ரேஷன் அரிசியைப் போட்டது யார் என்று வரும். வீட்டில் பொன்னி தின்றுகொண்டு ஆண்டவருக்கு ரேஷன் போட்டவர்கள் எங்களில் பாதிப் பேர். நானும் சில நாள் போட்டிருக்கிறேன், மறைப்பானேன். ஆகவே எல்லாரும் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று வேனில் ஏறிவிட்டோம்.

சவுக்குத் தோப்பில்

கடற்கரைக்குக் கொஞ்சம் தள்ளிச் சவுக்கு மரங்கள். செங்கல் அடுக்கி இரண்டு அடுப்பு மூட்டினோம். ஒன்றில் சோறு, ஒன்றில் சாம்பார். முருங்கைக்காய், கத்திரிக்காய், பரங்கி, அவரை, கொத்தவரை என்று வந்த காயெல்லாம் சாம்பாரில் போட்டாகிவிட்டது. ஆண்கள் மணலில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். இவர் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் தங்கக் கலர் வாட்சுமாக மாமனாருக்குப் பக்கத்தில் இருந்தார். மாமனார் ஏசி ரூமைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்.

ஞானம் டீச்சர் மூடியைத் திறந்தார்.

“ஐயோ கர்த்தாவே!”

எட்டிப் பார்த்தேன். மேலே கூழ். கரண்டியை விட்டுக் கிளறினால் அடியில் அரிசி நறுக்நறுக் என்றது. வடித்தால் பாதி கஞ்சியோடு போய்விடும். இன்னும் எரித்தால் அடிபிடிக்கும்.

“தண்ணி ஊத்துங்க டீச்சர்.”

“ஊத்துனா இன்னும் குழையும்.”

“அப்ப தீயைக் கூட்டுங்க.”

“நீ வந்து கூட்டேன்!”

ஆளாளுக்கு ஒரு வைத்தியம். பிள்ளைகள் தம்ளரைத் தட்ட ஆரம்பித்துவிட்டன. டீச்சர் முகம் செத்துப்போயிற்று. அந்தத் தோப்பில் கடை கண்ணி எதுவும் கிடையாது.

நான் திரும்பி இவரைப் பார்த்தேன். மூக்கு உயர்ந்திருந்தது. அடிபிடிக்கிற வாசனை எங்களுக்கு வருவதற்கு முன்னால் அவருக்கு வந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்ப்பதும் உட்காருவதுமாக இருந்தார். போய்க் கரண்டியைப் பிடித்தால் வேஷம் கலைந்துவிடும். ஊர் முன்னால், அப்பா முன்னால்.

எழுந்துவிட்டார்.

“டேய் சீலா, நீ எங்கடா போற? பொம்பளைங்க பாத்துக்குவாங்க. உக்காரு.”

“இருங்கப்பா.”

நேராக என்னிடம் வந்து வாட்சைக் கழற்றிக் கையில் கொடுத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். முதலில் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தார். இரண்டு பருக்கை எடுத்து விரலில் நசுக்கினார். சாம்பாரில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார்.

“டீச்சர், சோறு, சாம்பார்னு ரெண்டா வேணாம். ஒண்ணாக்கிருவோம். வெந்தது கரையட்டும், வேகாதது சாம்பார்ல வேகட்டும்.”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சாம்பாரைச் செம்பு செம்பாக மொண்டு சோற்று அண்டாவில் ஊற்றினார். பக்கவாட்டில் காலை அகட்டி நின்று, இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்து அடியிலிருந்து புரட்டினார். உடம்பு மொத்தமும் அசைந்தது. தணல் மட்டும் இருக்க வேண்டும், கொழுந்து வரக் கூடாது, நல்லெண்ணெய் எங்கே, பெருங்காயம் யாரிடம் என்று ஒவ்வொருத்தியையும் ஓடவிட்டார். நடுவில் என்ன நினைப்போ, “பானி! பானி லாவ்! ஜல்தி!” என்று ஒரு கத்துக் கத்தினார். பெண்கள் மிரண்டு நின்றார்கள். மிலிட்டரியில் இருந்து வந்த ஒரு பெரியவர்தான் சிரித்துவிட்டு, “தண்ணி கேக்குறாரும்மா, சீக்கிரம் கொண்டுபோங்க” என்றார்.

கொஞ்ச நேரத்தில் சாம்பார் சாதம் கமகமவென்று இறங்கியது. இலையில் விழுந்து ஓடவில்லை, கட்டியாகவும் நிற்கவில்லை. ஒரு பருக்கை நறுக்கென்று கடிபடவில்லை. பரிமாறியதும் அவர்தான். ஒருவர் கையிலும் கரண்டியைக் கொடுக்கவில்லை.

மாமனாருக்கு வயிற்றுப் புண். காரம் ஆகாது. அவருக்கென்று ஒரு தூக்குவாளியில் தயிர்சாதமும் நார்த்தங்காயும் தனியாகக் கொண்டுவந்திருந்தேன். தூக்கைத் திறக்கப் போனபோது மாமனார் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். மகன் போட்ட சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டார். மகன் அடுத்த சுற்று வந்தபோது இலையில் விரலால் இடத்தைக் காட்டினார்.

ஞானம் டீச்சருக்கு உயிர் வந்துவிட்டது. “ஸ்தோத்திரம்! என்னா கை தம்பி உங்களுக்கு! எங்க கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?”

எல்லாரும் நிமிர்ந்தார்கள். நானும்தான். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

“ரூம்லதான் டீச்சர். பசங்க நாங்களே மாத்தி மாத்தி சமைச்சுக்குவோம்” என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வாட்சு என் கையில் இருந்தது. அதை மணலில் விட்டெறியலாமா என்றுகூடத் தோன்றியது. எறியவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மாமனாரைப் பற்றி ஒன்று. அதற்குப் பிறகும் காலம் முழுக்க அவர் ஊரில் “ஸ்டோர் சூப்பர்வைசரு” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஏசி ரூமை மட்டும் விட்டுவிட்டார். அன்றைக்குப் புரிந்துகொண்டாரா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அண்டா

சாப்பிட்டவர்கள் கடல் பார்க்கப் போனார்கள். அண்டாவை நான் தண்ணீர்க் கரைக்கு உருட்டிக்கொண்டு போனேன். இவர் பின்னாலேயே வந்து இன்னொரு பக்கம் உட்கார்ந்தார். மணலை அள்ளிப் போட்டு ஆளுக்கு ஒரு பக்கம் தேய்த்தோம். அவர் தேய்த்த பக்கம்தான் முதலில் பளிச்சென்று ஆனது.

எனக்குப் பொறுக்கவில்லை. கேட்கக் கூடாது என்று இருந்த வைராக்கியம் எல்லாம் போயிற்று.

“அங்க எத்தனை பேருக்கு?” என்றேன்.

கை நின்றது. அலை ஒன்று வந்து அண்டாவை நனைத்துவிட்டுப் போனது.

“முந்நூறு பேரு தங்கி வேலை பாக்குற கேம்ப்பு” என்றார். “மூணு வேளை.”

“வெள்ளிக்கிழமை?”

“வெள்ளிக்கிழமை உன் குழம்பு. மத்த நாளு பருப்பு.”

“எப்பத் தெரியும் உனக்கு?” என்று அவரே கேட்டார்.

“வெங்காயத்தன்னிக்கே.”

“அப்பறம் ஏன் கேக்கல?”

“நீங்க ஏன் சொல்லல? சமையக்காரன்னா கேவலமா நெனச்சிருவேன்னா? என்னைய அவ்வளவுதான் தெரிஞ்சு வெச்சிருக்கீங்களா?” குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அழுகை வந்துவிட்டது. மணல் கையோடு துடைத்ததில் கண்ணெல்லாம் எரிந்தது.

அவர் அண்டாவின் விளிம்பைத் தடவினார்.

“அப்பாவுக்காக மொதல்ல சொல்லல. அது நெசந்தான். ஆனா உங்கிட்ட சொல்லாதது அதுக்கில்ல எஸ்தரு.”

“பின்ன எதுக்கு?”

“அங்க எல்லாரும் சாப்புட்டு முடிச்சப்பறந்தான் எனக்கு. அடுப்பு கிட்ட நின்னுக்கிட்டே அள்ளிப் போட்டுக்குவேன். என் முன்னாடி தட்டு வெச்சு ஒருத்தர் போட்டு நான் சாப்புட்டதே இல்ல, மூணு வருசமா. இங்க வந்து உக்காந்தா நீ போடுற. நான் சமையக்காரன்னு தெரிஞ்சா நீ பயந்து பயந்து போடுவே. உப்புப் பாருங்கம்பே, புளி சரியாம்பே. இந்த ரெண்டு மாசம் ஒண்ணும் தெரியாத ஆளா, போட்டதைச் சாப்புட்டுட்டு எந்திரிக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்.”

அப்போதுதான் உறைத்தது, இத்தனை பேருக்கும் போட்ட மனுஷன் இன்னும் சாப்பிடவில்லை. அண்டாவைக் கழுவியே கவிழ்த்தாகிவிட்டது.

கையைக் கழுவிக்கொண்டு தோப்புக்கு ஓடினேன். மாமனார் தொடாத தூக்கை எடுத்துக்கொண்டு, கட்டில் மிச்சமிருந்த ஒரு இலையையும் உருவிக்கொண்டு வந்தேன்.

“உக்காருங்க” என்றேன்.

ஈர மணலுக்கு இந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இலையைப் போட்டேன், தண்ணீர் தெளித்தேன், தயிர்சாதத்தை வைத்தேன், நார்த்தங்காயை ஓரத்தில் வைத்தேன். உப்பு போதுமா என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

கடலைப் பார்த்துக்கொண்டு அவசரமில்லாமல் சாப்பிட்டார். இலை காலியானதும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னுங் கொஞ்சம் வையி.”

வைத்தேன்.